1.9 கிலோமீட்டர், எட்டு மணி நேரம்: ஒரு புரட்டாசி மலையேற்றத்தின் நிகழ்வு ஆய்வு

ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, காட்டை ஒட்டிய ஒரு கரடு. உச்சியில் பெருமாள் கோயில். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை ஒரு வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். காலை 9.35-க்கு ஏறத் தொடங்கியவர்கள் எல்லோரும் அடிவாரம் வந்து சேர மாலை 5.25 ஆனது. பாதை ஒரு வழிக்கு வெறும் 1.9 கி.மீ. இடையில் ஒருவருக்கு நிதானம் தப்பியது, இன்னொருவருக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது ஒரே மலையின் ஒரே நாள் பதிவு அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி கரடுகளில் வெவ்வேறு ஆட்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரு குழுவின் மேல் ஏற்றி, அளவுகளை ஒரு பாதைக்குப் பொருத்தி எழுதிய மாதிரி நிகழ்வு. அதனால்தான் மலைக்கும் ஆட்களுக்கும் பெயர் இல்லை.

பாதை

"குட்டை மலைதானே, ஒரு மணி நேரத்துல ஏறி இறங்கிடலாம்" என்றுதான் வேனில் பேச்சு. நீளத்தைப் பார்த்தால் அது சரி. உயரத்தைப் பார்த்தால் தவறு. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 430 மீட்டர். ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால், லிஃப்ட் இல்லாத 143 மாடி. இந்தப் பக்கத்துக் கரடுகளின் குணமே இதுதான்: சமவெளியில் சட்டென்று எழும்பி நிற்கும், சுற்றி வளைத்து ஏற இடம் தராது. பாரமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) கோட்டைகளை இப்படிப்பட்ட குன்றுகளின் மேல் கட்டியதற்கும் அதுவே காரணம். 1791-இல் ராயக்கோட்டையை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படைக்கும் இதே சரிவுதான் எதிரி.

முதல் 600 மீட்டர் உசிலையும் வேலமும் உன்னிப் புதரும் மண்டிய நடைபாதை. 70 மீட்டர்தான் ஏற்றம். பேசிக்கொண்டே போகலாம், அதனால் எல்லோரும் வேகமாகப் போய்விடுவார்கள். அடுத்த 700 மீட்டரில் 190 மீட்டர் ஏற்றம். வெட்டுப்படி என்ற பேரில் ஆங்காங்கே கல், மீதி எல்லாம் வேரும் சரளையும். மூன்றாவது துண்டு 350 மீட்டர் மொட்டைப் பாறை, 120 மீட்டர் ஏற்றம். பாறையில் கால்வைக்கக் குழி வெட்டி, ஒரு பக்கம் இரும்புக் கம்பி நட்டிருப்பார்கள். நிழல் அறவே இல்லை. கடைசி 250 மீட்டர் புல்வெளியும் கற்குவியலும், 50 மீட்டர் ஏற்றம்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்தப் பாதைக்கு நடை 23 நிமிடம், ஏற்றம் 43 நிமிடம், ஆக 66 நிமிடம். ஆனால் அது குளிர்நாட்டில், பழகிய ஆளுக்கு, நிற்காமல் ஏறினால். நம் வெயிலில், குடும்பத்தோடு, தேங்காய்ப் பை தூக்கி ஏறுபவர்கள் ஒன்றரை மடங்கு போட வேண்டும், அதாவது 100 நிமிடம். இறங்க 70 முதல் 80 நிமிடம். மேலே ஒரு மணி நேரம் இருந்தால் மொத்தம் நான்கு மணி நேரம். இந்தக் குழுவின் கணக்கில் இருந்தது இரண்டு.

காலை

வேன் 5 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது 7.15-க்கு. துளசி மாலை, தேங்காய், பொங்கலுக்கு வெல்லம் வாங்க ஒரு நிறுத்தம், டீக்கு ஒரு நிறுத்தம். விரதம் இருப்பவர்கள் டீ மட்டும் குடித்தார்கள். அடிவாரம் சேர்ந்தபோது மணி 9.10.

ஒன்பது பேரிடமும் சேர்த்துத் தண்ணீர் 7 லிட்டர். இந்தச் சரிவில் வெயில் ஏறிய பிறகு ஏறுபவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். 60 கிலோ ஆள் 430 மீட்டர் ஏறினால் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் ஏற்றத்துக்குப் போகிறது. மீதி அத்தனையும் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள முக்கிய வழி வியர்வைதான். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 18 லிட்டர் வேண்டும், இருந்தது பாதிக்கும் குறைவு. "மேலே சுனை இருக்கு" என்றார்கள். சுனை இருந்தது. அதன் மேல் பச்சைப் பாசியும் இருந்தது. அந்த நீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்தோதான் குடிக்க வேண்டும்.

மேலே போனால் குளிரும் என்பதும் இந்த உயரத்துக்குப் பொருந்தாது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும், 430 மீட்டருக்கு மூன்று டிகிரி கூட இல்லை. காலை பத்தரைக்கு மேல் மொட்டைப் பாறை திருப்பி அடிக்கும் அனலில் அது இருந்த இடம் தெரியாது.

முதல் சம்பவம்: பாறையில், 11.20

முதல் துண்டைப் பேச்சோடு பேச்சாகக் கடந்தார்கள். மிக வேகம். இரண்டாவது துண்டு முடிய 11.05 ஆகிவிட்டது. பாறையில் பாதி ஏறும்போது 58 வயதுக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம். மருமகன் கேட்டார்: "மாமா, மூச்சு வாங்குதா? கொஞ்சம் உட்காருங்க." அவர் எரிந்து விழுந்தார்: "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போ." அடுத்த நிமிடமே, "நாம எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டார். இரண்டாம் முறையும் அதையே கேட்டார்.

வெயில் என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். துண்டை நனைத்துத் தலையில் போட்டார்கள், விசிறினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இருந்த நீரில் ஒரு லிட்டருக்கு மேல் அங்கேயே போனது, நடுக்கம் நிற்கவில்லை. கூட வந்த கல்லூரி மாணவி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "சித்தப்பா, காலையில சுகர் மாத்திரை போட்டீங்களா?" போட்டிருந்தார். சாப்பிடவில்லை, விரதம். பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை உடைத்து வாயில் போட்டு மெல்லச் சொன்னாள். 12 நிமிடத்தில் பேச்சு நேரானது.

இந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புரட்டாசிக்கே உரிய ஆபத்து இது. அவர் போட்டது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அதிகம் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதிதான். வெறும் வயிறு ஒரு பக்கம், 143 மாடிக்குச் சர்க்கரையை எரிக்கும் தொடைத் தசை இன்னொரு பக்கம், நடுவில் மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும்.

வெயில் அடித்ததா, சர்க்கரை தாழ்ந்ததா என்று மலையில் பிரித்தறிவது கடினம், குழப்பம் இரண்டிலும் வரும். வெப்பத்தாக்கில் உடம்பு நெருப்பாய்ச் சுடும். சர்க்கரை தாழ்ந்தால் தோல் சில்லிட்டு ஈரமாக இருக்கும், கை நடுங்கும், காரணமில்லாத கோபம் வரும், பசி தெரியும். சந்தேகம் என்றால் சர்க்கரை கொடுத்துவிடுவதே சரி. தாழ்ந்திருந்தால் உயிர் காக்கும், தாழாமல் இருந்தால் அந்த அளவால் பெரிய கெடுதல் ஒன்றும் வராது. அளவு 15 கிராம்: 3 டீஸ்பூன் சர்க்கரை, இல்லையென்றால் எலுமிச்சை அளவை விடச் சிறிய வெல்லக்கட்டி. 15 நிமிடம் பார்த்துவிட்டு, தெளியாவிட்டால் இன்னொரு முறை. விழுங்க முடியாதவர் வாயில், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்து நடந்ததுதான் பிழை. தெளிந்ததும் எழுந்து மேலே ஏறிவிட்டார்கள். கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் முழுக்க இருக்கும், வெல்லத்தின் வேலை அரை மணி நேரம். இடையில் இட்லியோ பொங்கலோ வயிற்றுக்குப் போகவில்லை என்றால் மறுபடி தாழும். உச்சியில் பிரசாதம் கிடைத்ததால் தப்பினார். அந்த இடத்தில் இரண்டு பேர் துணையோடு அவரைக் கீழே அனுப்பியிருக்க வேண்டும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். விரத நாளில் மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை முந்தின வாரமே மருத்துவரிடம் கேட்டு வைப்பது அதைவிட நல்லது. சர்க்கரைமானி சட்டைப் பையில் அடங்கும், அதைப் பூஜைப் பையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நிறுத்தம் 40 நிமிடத்தைத் தின்றது. உச்சியைத் தொட்டபோது மணி 12.35.

உச்சியில் கழிந்த நேரம்

பூஜை, பொங்கல், போட்டோ. கிழக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் காலிஃபிளவர் போல மேகம் எழும்புவது ஒரு மணிக்கே தெரிந்தது. இந்த மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபர் மழை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: காலையில் சுள்ளென்று வெயில், மதியத்துக்கு மேல் இடியும் கொட்டலும். காலையில் வானம் தெளிவாக இருப்பது மாலைக்கு உத்தரவாதம் ஆகாது. பாறை எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு மேகம்.

இடி கேட்டது 2.15-க்கு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, உச்சியை விட்டு இறங்கியாக வேண்டும். நான்கு தூண் மேல் கல்கூரை போட்ட திறந்த மண்டபம் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. விளக்குத் தூண், கொடிக்கம்பம், தனி மரம், பாறையில் நட்ட இரும்புக் கம்பி இவற்றையும் விட்டு விலகி நிற்க வேண்டும். ஆனால் இந்தப் பாதையில் இறங்க வேண்டுமானால் அதே கம்பியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். ஆகவே இடி கேட்ட பிறகு எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக அமையாது. உச்சிக்கு ஒரு திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே பேசி வைப்பது இதற்காகத்தான். புரட்டாசிக்கு 11 மணி. 11-க்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்ப வேண்டும், உச்சி பத்தடியில் தெரிந்தாலும்.

2.20-க்கு ஓட்டமும் நடையுமாக இறங்கத் தொடங்கினார்கள். 2.40-க்கு மழை. பாறையை எப்படியோ உட்கார்ந்து நகர்ந்து கடந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் சம்பவம்: சரளைத் திருப்பத்தில், 3.05

வழுக்கியது பாறையில் அல்ல. பாறையைத் தாண்டி, "இனிமே பயமில்ல" என்று மூச்சு விட்ட பிறகு, மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பத்தில். 46 வயதுப் பெண். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு. ஒரு கையில் பொங்கல் தூக்கு. சரிவில் பயந்து உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றினார். குதிகாலுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுச் சரளை. கால் முன்னால் ஓடியது, மற்ற கால் உள்பக்கம் மடங்கி அதன் மேல் உட்கார்ந்தார். தூக்கு உருண்டது, பொங்கல் கொட்டியது.

சரிவில் பின்னால் சாய்வது இயல்பாக வரும், ஆனால் தவறு. எடை பாதத்துக்கு நேர் மேலே இருந்தால் பாதம் தரையில் அழுந்திப் பிடிக்கும். பின்னால் போனால் பாதம் முன்னோக்கித் தள்ளப்படும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், எடுத்து வைக்கும் அடி சிறியதாக இருக்க வேண்டும், கடும் சரிவில் பக்கவாட்டில் திரும்பி இறங்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே சுமையைத் தாங்குகிறது, தசைநாருக்கு ஏற்றத்தைவிட அதிகச் சேதம் அதில்தான். கால் நடுங்குவதும், மறுநாளும் அதற்கு மறுநாளும் படியில் இறங்க முடியாமல் போவதும் அதனால்தான். தண்ணீர் குறைந்து, வேகமாக ஏறி, களைத்த தசை அந்தத் திருப்பத்தில் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை.

உடனே செய்ததில் ஒன்று கெட்டது. தேங்காய் எண்ணெய் போட்டு நீவினார்கள். அடிபட்ட கணுக்காலை நீவக் கூடாது. எலும்பு விட்டிருந்தால் நகரும், விடாவிட்டாலும் வீக்கம் கூடும். பார்க்க வேண்டியது இரண்டே. நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுவின் இருபக்கக் குமிழ் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறதா? நடக்க முடியவில்லை அல்லது அழுத்தினால் வலிக்கிறது, இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கும் வரை அது எலும்பு முறிவு என்றே நடத்த வேண்டும். துண்டை நான்காக மடித்துப் பாதத்தின் அடியிலிருந்து இரு பக்கமும் மேலே கொண்டுவந்து, கீழ்க்காலோடு சேர்த்து இன்னொரு துணியால் கட்ட வேண்டும். விரல் நுனி தெரிய வேண்டும். அது வெளுத்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்த வேண்டும்.

108-க்குப் போன் போகவில்லை. திருப்பம் ஓடைப் பள்ளத்துக்குள் இருந்தது. இருபது மீட்டர் ஏறி மேட்டுக்கு வந்ததும் போனது. கரடுகளில் சிக்னல் உச்சியிலும் முகட்டிலும் இருக்கும், பள்ளத்தில் இருக்காது. தங்கள் நிறுவன சிக்னல் இல்லாவிட்டாலும் 112 வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. ஆம்புலன்ஸ் சாலைக்குத்தான் வரும், காட்டுக்குள் தூக்கி வருவது நம் வேலை.

அங்கிருந்து அடிவாரம் சுமார் 1.1 கி.மீ. முதலில் தோளில் கைபோட்டு நொண்ட வைத்தார்கள், ஒத்தையடிப் பாதையில் மூன்று பேர் பக்கம் பக்கமாக நடக்க இடமில்லை. பிறகு தண்ணீர்க் குடம் தூக்க வைத்திருந்த இரண்டு மூங்கிலைக் கோயில் ஆட்கள் கொடுத்தார்கள். இரண்டு வேட்டியை மூங்கிலில் சுற்றித் தூளி. நான்கு பேர் தூக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி, இறக்கத்தில் கால் பக்கம் முன்னால் வைத்து இறக்கினார்கள். 5.25. சூரியன் மறைய ஒரு மணி நேரம்கூட இல்லை, ஒரு டார்ச்சும் இல்லை. மருத்துவமனையில் மாவுக்கட்டு, ஆறு வாரம்.

எங்கே தொடங்கியது

மழைதான் காரணம் என்று வேனில் பேசிக்கொண்டிருப்பார்கள். மழை கடைசி ஆணி. 7.15-க்கு வேன் கிளம்பியபோதே பெரும்பகுதி முடிவாகிவிட்டது. ஆறரை மணிக்கு ஏறத் தொடங்கியிருந்தால் பாறையை 8 மணிக்கு, அது காயும் முன்னே, கடந்திருப்பார்கள். தண்ணீர் பாதி போதும். மாத்திரை போட்டவர் காலை உணவு நேரத்துக்குள் உச்சியில் பிரசாதம் சாப்பிட்டிருப்பார். பதினொன்றுக்கு எல்லோரும் அடிவாரத்தில் இருந்திருப்பார்கள், மழைக்கு நனைய மலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இருட்டில், ஐந்து மணிக்கே ஏறலாமா என்றால், கூடாது. இந்தக் காடுகளில் கரடி உண்டு, விடியலும் அந்தியும் அதன் நடமாட்ட நேரம். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே ஏற வேண்டும். பாறைத் தொங்கலில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தால் அதன் கீழே சூடம், சாம்பிராணி, பட்டாசு எதுவும் வேண்டாம்.

கோயில் வழி வேறு, காப்புக்காடு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திருவிழா நாளில் திறந்திருக்கும் பாதையில் மற்ற நாளில் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. மலை ஏறும் ஆசைக்காகவே போகிறவர்களுக்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தின் 40 பாதைகளில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் சிகரமும் உண்டு. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம்.

அந்தத் திருப்பம்

சரளை அங்கே ஏன் சேர்ந்தது என்பதற்குக் காரணம் பாதையிலேயே இருக்கிறது. திருப்பத்துக்கு மேலே நாற்பது மீட்டர் பாதை சரிவின் போக்கிலேயே நேராக இறங்குகிறது. மழைநீருக்கு அதுவே வாய்க்கால். பாதையின் சாய்வு மலைப்பக்கச் சாய்வில் பாதிக்கு மேல் போனால் நீர் பாதையைக் குறுக்கே கடக்காது, பாதையோடு ஓடும். மண்ணை அடித்துப் போகும், கல்லை விடும், ஓட்டம் தளரும் திருப்பத்தில் சரளையைக் கொட்டும். துடைப்பத்தால் கூட்டினால் அடுத்த மழை வரைதான்.

சரிசெய்ய, வனத்துறை ஒப்புதலோடு, திருப்பத்துக்கு மேலே மூன்று இடத்தில் குறுக்குக் கல்வரிசை போட வேண்டும். பாதைக்கு நேர் குறுக்காக அல்ல, 30 முதல் 45 டிகிரி சாய்த்து, பள்ளப் பக்க முனை தாழ்ந்திருக்க வேண்டும். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், மேலே தெரிவது ஒரு சாண் கூட வேண்டாம். பள்ள முனையில் நீர் வெளியேற இரண்டு முழம் கால்வாய் வெட்டி, அதன் வாயில் கல் பரப்ப வேண்டும். நான்கு பேர், இரண்டு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு நாள் வேலை. ஆவணியில் செய்தால் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் மண் இறுகியிருக்கும்.